ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பிள்ளை

கோலா சிலாங்கூர்
14 மே 2024

மவுரீன்,

உன் எண்ணைக் கைபேசியில் தடுத்துவிட்டேன். நீ பேசினால் நான் இறங்கி வந்துவிடுவேன். பயிற்சிக் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்தே உன் பேச்சுக்கு நான் அப்படித்தான். அதனால்தான் தபால். பதில் சொல்வதானால் நீயும் தாளில் எழுது. எழுதாவிட்டாலும் எனக்கு நட்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வேலை பார்க்கும் கல்லூரி ஒரு ஓட்டலில் நடத்திய கல்வி மாநாட்டைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் தலைமையாசிரியர் உமாபதி போயிருந்தார். ‘நம் பள்ளிக்குப் பெருமை’ என்று எழுதி ஆசிரியர் குழுவுக்கு ஒரு படம் அனுப்பினார். பெரிய திரை. அதில் மாலாவும் அவள் மகள் லோஷினியும் தோட்டத்து லய வீட்டு வாசலில் நிற்கிறார்கள். மருந்தடிக்கும் வேலையிலிருந்து வந்த கோலத்தில், காலில் ரப்பர் பூட்சோடு மாலா. திரையின் தலைப்பை நான் இரண்டு முறை படித்தேன். சீர்குலைந்த தோட்டக் குடும்பமும் மந்தமான பிள்ளையும். ஆங்கிலத்தில் போட்டால் நாற்றம் அடிக்காது என்று நினைத்தீர்களா? அதற்குக் கீழே டாக்டர் டக்ளஸின் பெயர். அதற்குக் கீழே உன் பெயர். எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு அளவு எழுத்தில், எனக்கு நன்றி.

அந்தப் படத்தை எடுத்தது நான். மாலா என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இது யாருக்கும் போவாதுல்ல டீச்சர்?” என் படிப்புக்கு மட்டும்தான் என்று சொன்னேன். அந்த ஆறு மாத வேலையும் என்னுடையது. பள்ளி முடிந்து லயத்துக்குப் போய், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மலாயில் சோதித்தால் ஒரு மாதிரியும் தமிழில் சோதித்தால் வேறு மாதிரியும் ஏன் வருகிறது என்று பார்த்தேன். இந்தப் பிள்ளைகள் மந்தம் இல்லை, சோதிக்கும் மொழிதான் தப்பு என்று எழுதி என் மேற்பார்வையாளர் டக்ளஸிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டுத் தன் பெயரில் படித்திருக்கிறார்.

போன வருஷம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து முதுகலைக்கு எதை எடுக்கலாம் என்று நாம் பேசியது நினைவிருக்கும். கல்வி நிர்வாகம், பாடத்திட்டம், ஆலோசனை, பாலர் கல்வி, சிறப்புக் கல்வி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். நிர்வாகம் எடு, தலைமையாசிரியர் நாற்காலி நிச்சயம் என்றாய். சிறப்புக் கல்வி எடுத்தால் கடைசி வரை பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று சிரித்தாய். என் வகுப்பில் மூன்று வருஷமாக ஒரு வாக்கியம் படிக்க வராமல் உட்கார்ந்திருந்த லோஷினிக்காகத்தான் நான் சிறப்புக் கல்வியை எடுத்தேன். டக்ளஸிடம் என்னைச் சேர்த்துவிட்டது நீ.

அந்தத் திரையை நினைத்தாலே குமட்டுகிறது.

தனேஸ்வரி


புக்கிட் செந்தோசா
20 மே 2024

அன்பான தனேசு,

கையால் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஜோனாஸ் எட்டிப் பார்த்து, யாருக்கு லவ் லெட்டர் என்று கேட்கிறார். உன் கடிதத்தைக் காட்டவில்லை. காட்டினால் உன் பக்கம் பேசுவார். என் கணவரை உனக்குத் தெரியும்.

கோபம் நியாயம்தான். ஆனால் கொஞ்சம் உலகத்தையும் பார். மேற்பார்வையாளர் பெயர் முதலில் வருவது எங்கள் இடத்தில் வழக்கம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தத் தலைப்பு எனக்கும் பிடிக்கவில்லை. டக்ளஸிடம் லேசாகச் சொல்லியும் பார்த்தேன். “மேடையில் சத்தம் போட்டால்தான் கவனிப்பார்கள்” என்றார். அச்சில் வரும்போது முகத்தை மறைத்துவிடுவார்கள். யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

என் நிலைமையையும் யோசி. நான் அங்கே ஒப்பந்த விரிவுரையாளர். கட்டுரையில் பெயர் வராவிட்டால் அடுத்த ஆண்டு எனக்கு நாற்காலி இல்லை. நீ அரசாங்கப் பள்ளி ஆசிரியை. உனக்கு மழை பெய்தாலும் வேலை, வெயில் அடித்தாலும் வேலை. நான் அப்படி இல்லை லா.

இப்போது நடைமுறைக்கு வருவோம். உனக்கு டக்ளஸ் வேண்டாம் என்றால் ஆலோசனைத் துறைக்கு மாற்றித் தருகிறேன். அங்கே ஒரு அம்மா இருக்கிறார், யாருடைய வேலையையும் தொடமாட்டார், படிக்கக்கூட மாட்டார். கையெழுத்துப் போட்டுவிடுவார். அல்லது நிர்வாகத்துக்கே வந்துவிடு. உன் லயத்து வேலையெல்லாம் வீணாகாது, தலைப்பை மட்டும் ‘தோட்டப் பள்ளித் தலைமைத்துவம்’ என்று மாற்றிக்கொண்டால் பாதி முடிந்த மாதிரி. அடுத்த ஆண்டே பட்டம்.

நீ எப்போதும் இப்படித்தான். விடுதியில் சாம்பாரில் பூச்சி கிடந்தபோது நாங்கள் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம். நீ மட்டும் ஒரு வாரம் பிஸ்கட்டில் ஓட்டினாய். யார் இளைத்தது?

தடுத்ததை எடுத்துவிடு. ஒரு முறை பேசினால் தீர்ந்துவிடும்.

உன்,
மவுரீன்


கோலா சிலாங்கூர்
9 ஜூன் 2024

மவுரீன்,

பூச்சியை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்கிறாய். சரி. இந்த வாரம் இங்கே நடந்ததைக் கேள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மறுநாள் மாலா வந்தாள். உமாபதி சார் அந்தப் படத்தைப் பெற்றோர் குழுவிலும் போட்டிருக்கிறார். பெருமைக்காக. ஆங்கிலம் தெரிந்த யாரோ தலைப்பைத் தமிழில் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான், லயம் முழுக்கப் பரவிவிட்டது. பள்ளி விட்டதும் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“ஒங்கள நம்பித்தான் டீச்சர் போட்டோவுக்கு வாசல்ல வந்து நின்னேன்” என்றாள். “எம் புருசன் லோரிய எடுத்துக்கிட்டு வேற பொம்பளையோட போனது உண்மதான். அதுக்காக எம் புள்ளைய மந்தம்னு சினிமா மாதிரி திரையில போடுவீங்களா?”

நான் போடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் படத்தை எடுத்தது நான்தானே. அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். சாக்கடையில் கால் வைத்துவிட்டுக் காலைப் பார்க்கிற மாதிரி. இனிமேல் லோஷினி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, இதைப் பெரிதுபடுத்தாதீர்கள் என்றார். அவர் முனைவர் பட்டம் செய்யப் போகிறாராம், டக்ளஸிடம்தானாம். வியாழக்கிழமை டக்ளஸே பள்ளிக்கு வருகிறார், வெளிநாட்டு விருந்தாளிகளும் வருகிறார்கள், பிள்ளைகளுக்கு வேட்டியும் பாவாடையும் உடுத்திவிட வேண்டும் என்றார்.

வந்தார்கள். பிஸ்கட் டப்பா கொண்டுவந்தார்கள். பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். விருந்தாளிப் பெண் ஒருத்தி என் வகுப்புப் பையனின் தலையைத் தடவிவிட்டு, கைப்பையிலிருந்து ஈரத் தாள் எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். என் எதிரிலேயே. சாயங்காலம் எல்லாரையும் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரைக்கு மின்மினி பார்க்கக் கூட்டிப் போனார்கள். நானும் வர வேண்டும் என்று உமாபதி சார் கட்டாயப்படுத்தினார். படகில் டக்ளஸுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். சத்தம் போடக் கூடாது என்று படகோட்டி சொல்லியும் அவர் வாய் ஓயவில்லை. என்னைக் காட்டி விருந்தாளிகளிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: “என் தரவுகளை எனக்காகச் சேகரிப்பது இந்த அம்மாதான்.” என் தரவுகள். லோஷினியைச் சொல்கிறார்.

ஒருத்தரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கரையில் இறங்கியதும் ஒரு புதர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். படகு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து உமாபதி சார் தைலம் கொடுத்தார்.

தனேஸ்வரி


புக்கிட் செந்தோசா
2 ஜூலை 2024

தனேசு,

உன் கடிதத்துக்கு உடனே எழுத முடியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

அந்தப் படகில் அவர் சொன்னதை வாசித்தபோது அவர் குரலே காதில் கேட்டது. எங்களையும் அப்படித்தான் சொல்வார். என் ஆட்கள், என் பிள்ளைகள், என் மாணவிகள். கூட்டத்தில் என் தோளில் கை வைத்துக்கொண்டு பேசுவார். நான் ஒதுங்கினால் என்னை மனநெருக்கடியில் இருக்கிறவள் என்று அடுத்தவரிடம் சொல்வார். இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது. கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. தாயின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்று கேட்கிறார்கள். டக்ளஸ் ஒரு தாள் தயார் செய்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். போன ஆண்டுத் தேதி போட்டிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கித் தருவது உன் பொறுப்பாம். வாங்கிக் கொடுத்தால் உன் பெயரையும் மூன்றாவதாகச் சேர்ப்பாராம்.

உனக்கு அனுப்பாமல் இருந்திருக்கலாம். அனுப்பாவிட்டால் என்னையே மாலாவைப் போய்ப் பார்க்கச் சொல்வார். எனக்குத் துணிச்சல் இல்லை. இணைத்திருக்கிறேன். நீ என்ன செய்வாய் என்று தெரியும், இருந்தாலும் அனுப்புகிறேன்.

மவுரீன்


கோலா சிலாங்கூர்
8 ஜூலை 2024

மவுரீன்,

மாலா லயத்தைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். அக்காள் வீட்டுக்கு என்று பக்கத்து வீட்டு நல்லம்மாள் சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டேன். டீச்சரிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளாம்.

உங்கள் படிப்பிலிருந்து விலகிவிட்டேன். அந்தத் தாளைக் குப்பையில் போடக்கூடப் பிடிக்கவில்லை, வீட்டுக் குப்பையாயிற்றே. திருப்பி அனுப்புகிறேன். நீயே வைத்துக்கொள்.

இனி எழுதாதே.

தனேஸ்வரி


புக்கிட் செந்தோசா
22 செப்டம்பர் 2024

தனேசு,

எழுதாதே என்றாய். எழுதியே ஆக வேண்டிய காரணம் ஒன்று வந்திருக்கிறது. கோபத்தைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு முழுக்கப் படி.

எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் கெட்டுப்போனதால் கடைத்தெரு டோபிக் கடைக்குப் போனேன். அங்கே துணி மடித்துக்கொண்டிருந்த பெண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. காசு கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் உறைத்தது. நம் திரையில் பார்த்த முகம். மாலா. ஓரத்து நாற்காலியில் லோஷினி ஒரு தாளில் மீன் வரைந்துகொண்டிருந்தாள். அக்காள் வீடு என்பது இங்கே, எங்கள் தாமான் குடியிருப்புக்கு மூன்று தெரு தள்ளி.

நான் யார் என்று சொல்லவில்லை. இயந்திரத்தைப் பழுது பார்த்த பிறகும் துணியை அங்கேயே கொண்டுபோனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. அந்தக் கட்டுரையில் நான் எழுதிய பிள்ளையை நான் ஒரு நாள்கூட நேரில் பார்த்ததில்லை. அவள் கவனமற்றவள், சொன்னதைச் செய்யாதவள், தாய் அக்கறையற்றவள் என்று எழுதியது நான்தான். டக்ளஸ் சொல்லச் சொல்ல வாக்கியம் ஆக்கினேன். அங்கே உட்கார்ந்து பார்த்தால், அந்தப் பிள்ளை ஒரு மணி நேரம் தலை நிமிராமல் மீனுக்குச் செதில் வரைகிறாள். எனக்கே அருவருப்பாகிவிட்டது.

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை மின்சாரம் நின்றுபோனது. கடையில் ஒரு இயந்திரமும் ஓடவில்லை, அமைதியாக இருந்தது. மாலா பின்னாலிருந்து மகளைக் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள், சத்தமாக. அப்போதும் திரும்பவில்லை. மாலா அலுத்துக்கொண்டு போய்த் தோளைத் தட்டினாள், உடனே லோஷினி திரும்பித் தாயின் வாயையே பார்த்தாள். சொன்னதைச் சரியாகச் செய்தாள். “இப்படித்தான் அக்கா, தட்டுனாத்தான் நிமிரும்” என்று என்னிடம் சொன்னாள் மாலா. நான் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் போய் என் சாவிக் கொத்தைச் சிமெண்டுத் தரையில் போட்டேன். அவள் மீனின் வாலை முடித்துக்கொண்டிருந்தாள்.

தனேசு, இவளுடைய காதை யாராவது சோதித்தார்களா?

மவுரீன்


கோலா சிலாங்கூர்
1 அக்டோபர் 2024

மவுரீன்,

இல்லை.

உன் கடிதம் வந்த அன்று பள்ளிக்கு விடுப்பு எடுத்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டு மூன்று வருஷத்தையும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றாக வந்து நின்றது. கதை வாசிக்கும்போது மற்றப் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்ப்பார்கள், அவள் என் வாயைப் பார்ப்பாள். நான் கரும்பலகை பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால் அவள் அடுத்தவளின் நோட்டைப் பார்ப்பாள். அதற்காக அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளினேன். தள்ளியது நான்தான். சொல்வதெழுதுதலில் முதல் எழுத்து சரியாக இருக்கும், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. ‘கவனம் சிதறுகிறது’ என்று எழுதி வைத்தேன்.

பிறகு பெரிய ஆய்வாளர் ஆனேன். மலாயில் சோதித்தேன், தமிழில் சோதித்தேன், வட்டார வழக்கில்கூடச் சோதித்தேன். காது கேட்காத பிள்ளைக்கு எந்த மொழியில் கேட்டால் என்ன? தமிழில் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாள் என்பதை என் பெரிய கண்டுபிடிப்பாக எழுதினேன். தமிழில் கேட்டபோது நான் அவளுக்கு எதிரே, முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தேன். காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

டக்ளஸுக்கு ஒரு தலைப்பு தேவைப்பட்டது. எனக்கும் ஒன்று தேவைப்பட்டது. என்னுடையது கொஞ்சம் அழகான தலைப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பேருமே பிள்ளையைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் உங்கள்மேல் வந்த குமட்டல் இப்போது கண்ணாடியைப் பார்த்தாலும் வருகிறது.

இங்கிருந்து நான் ஓடி வந்தால் மாலா அந்த ஊரையும் காலி செய்துவிடுவாள். அதனால் நீதான் செய்ய வேண்டும். பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிப் போ. அதற்கு முன் நீ யார் என்று மாலாவிடம் சொல். நல்ல அக்காவாக நடித்துக்கொண்டு கூட்டிப் போகாதே. பின்னால் தெரிந்தால் அவள் இனி எந்த மருத்துவரையும் நம்பமாட்டாள். திட்டினால் வாங்கிக்கொள். அடித்தாலும் வாங்கிக்கொள்.

தனேஸ்வரி


புக்கிட் செந்தோசா
15 டிசம்பர் 2024

தனேசு,

சொல்லிவிட்டேன்.

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். என் பெயர், என் கல்லூரி, அந்தப் படம், அந்தத் தலைப்பு, அதில் நான் எழுதிய வாக்கியங்கள், எல்லாவற்றையும் சொன்னேன். மாலா யாருடைய படுக்கை விரிப்பையோ மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து, பையில் வைத்து, பையின் வாயையும் கட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். “காரு இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். “அப்ப ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆனா எம் புள்ளைய இன்னொரு தடவ போட்டோ புடிச்சா நான் மனுசியா இருக்கமாட்டேன்” என்றாள். போகும்போதும் வரும்போதும் மகளோடு பின்சீட்டில்தான் உட்கார்ந்தாள். பக்கத்துச் சீட்டில் என் கைப்பை மட்டும் இருந்தது. நான் அவளுடைய டிரைவர். சரிதான்.

அரசாங்க மருத்துவமனையில் முதலில் ஒரு மருத்துவர், பிறகு செவிச் சோதனை, பிறகு மறுபடியும் வரச் சொல்லி இன்னொரு சோதனை. இரண்டு காதிலும் கேட்கும் திறனில் பாதிக்குமேல் போய்விட்டது. சிறு வயதில் காதில் சீழ் வடிந்ததா என்று மருத்துவர் கேட்டார். வடிந்தது, எண்ணெய் விட்டேன், நின்றுவிட்டது என்றாள் மாலா. காதுக் கருவிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உதவித் திட்டத்தில் கிடைக்கும், கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

இனி கல்லூரி. ஆய்விதழுக்கு நானே எழுதினேன். சம்மதம் இல்லை, தகவல் பொய், தரவு வேறொருவருடையது என்று எழுதி என் பெயரையும் எடுக்கச் சொன்னேன். கட்டுரையை அச்சிடாமல் நிறுத்திவிட்டார்கள். எழுதுவதற்கு முன்னால் டக்ளஸிடம் நேரில் போய்ச் சொன்னேன், முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது என்று. பிள்ளைக்குக் காதுதான் பிரச்சினை என்று சொன்னதும் அவர் முகம் எப்படி மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாறியது. மலர்ந்தது.

“அருமையான திருப்பம், மவுரீன்” என்றார். “தோட்டப்புறத்தில் கண்டறியப்படாத செவித்திறன் குறைபாடு. அடுத்த மாநாட்டுக்கு இதுதான். அந்தச் சோதனை வரைபடம் ஒரு பிரதி கிடைக்குமா?”

அவர் மேசையில் இருந்த பழத்தட்டிலிருந்து ஒரு லொங்கான் பழத்தை உரித்து என்னிடம் நீட்டினார். அந்த விரல்களைப் பார்த்தேன். அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டுக்கு என் ஒப்பந்தம் இல்லை. காரணம் சொல்லவில்லை. டக்ளஸை டீன் ஆக்கியிருக்கிறார்கள். வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடமும் நீட்டினார்கள். போடவில்லை. எனக்கு இப்போது அவ்வளவுதான் முடிந்தது.

ஜோனாஸ் கோலா குபு பாருவில் ஒரு டியூஷன் நிலையத்தில் பேசி வைத்திருக்கிறார். ஜனவரியிலிருந்து போவேன்.

மவுரீன்


கோலா சிலாங்கூர்
23 பிப்ரவரி 2025

மவுரீன்,

நேற்று உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. உன் தெருமுனை வரை வந்து, திரும்பிப் போய்விட்டேன். உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். முழுதாகப் போகவில்லை. நீ செய்ததும் மறக்கவில்லை, பிறகு நீ செய்ததும் மறக்கவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் காது பார்க்க வேண்டும் என்று சுகாதார நிலையத்துக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் வந்தார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் குறை இருக்கிறது. ஒருத்தன், எல்லாரும் குறும்புக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆறாம் ஆண்டுப் பையன். இத்தனை வருஷம் அவனைத் திட்டியதும் அவனுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. உமாபதி சார் அன்றைக்கும் பேனர் அடித்துக்கொண்டு வந்தார். ‘செவிநலத் திட்டம், தலைமையாசிரியரின் முன்னெடுப்பு’ என்று போட்டிருந்தது. படத்தில் நிற்கச் சொன்னார். பிள்ளைகளைப் பின்பக்க வாசல் வழியாக வகுப்புக்குக் கூட்டிப் போய்விட்டேன். தாதியரோடு தனியாக நின்று எடுத்துக்கொண்டார்.

படிப்பைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். செவியியல் படிக்க முடியுமா என்று விசாரித்தேன். என் ஆசிரியர் பட்டம் அதற்கு உதவாது, அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். பேச்சுப் பயிற்சித் துறையிலும் அதே கதை. கடைசியில் தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கே விண்ணப்பித்து இடம் கிடைத்திருக்கிறது. ஆய்வேடு இல்லாமல் பாடங்களை மட்டும் படித்து முடிக்கிற முறை. நேர்காணலில், இவ்வளவு களவேலை செய்திருக்கிறீர்கள், ஆய்வுப் பக்கம் வரலாமே என்றார் ஒரு பேராசிரியை. நல்லவராகத்தான் தெரிந்தார். தரவு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்னும் அந்தப் படகு நினைவுக்கு வருகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்குக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று சொன்னேன்.

நேற்று மாலாவைப் பார்க்கத்தான் வந்தேன். வரலாமா என்று நல்லம்மாள் மூலம் கேட்டனுப்பி, வரலாம் என்ற பிறகுதான் பஸ் ஏறினேன். வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டேன். கடைசி வரிசையில் உட்கார வைத்ததையும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது. அவள் பிடித்திருந்த கதவை விட்டாள். பிறகு உள்ளே போனாள். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தவில்லை என்பதால் நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். தேத்தண்ணீர் வைத்தாள். எனக்கு எதிரே உட்காரவில்லை.

லோஷினிக்குப் போன வாரம்தான் கருவி வந்திருக்கிறது. இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். மேலே சுற்றும் காத்தாடிச் சத்தம் பிடிக்கவில்லையாம், பெரியம்மா சாப்பிடும் சத்தம் பிடிக்கவில்லையாம், கழற்றிக் கழற்றி வைக்கிறாளாம். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் என் வாயைப் பார்த்தாள்.

“எப்படிம்மா இருக்க?” என்றேன். எப்போதும் வகுப்பில் பேசுகிற குரலில்தான்.

அவள் முகத்தைச் சுளித்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்துவிட்டு, மூன்று வருஷத்தில் என்னிடம் பேசியதிலேயே நீளமான வாக்கியத்தைப் பேசினாள்.

“டீச்சர், ஒங்க கொரலு இவ்ளோ அசிங்கமாவா இருக்கும்?”

மாலா அவளை அதட்ட வாயெடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

தனேஸ்வரி